ரசம் போன கண்ணாடி: வெள்ளிப் பூச்சு ஏறுவதும் இறங்குவதும்

பழைய வீடுகளில் தேக்கு அலமாரியின் கதவில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று பதித்திருப்பார்கள். இன்று பல வீடுகளில் அதன் கீழ் மூலையிலிருந்து கறுப்பு பாசிபோல மேலேறியிருக்கும்; நடுவில் மிளகு தூவியதுபோலப் புள்ளிகள் விழுந்திருக்கும். ரசம் போய்விட்டது என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை வெட்டி மாட்டிவிடுகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியத்திலிருந்து கப்பலில் வந்த கனத்த கண்ணாடிகள், விளிம்பில் சாய்வாகப் பட்டை தீட்டியவை, இப்படிக் கைவிடப்படுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. கெட்டுப்போனது தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஒரு படலம். அதைத் தாங்கியிருந்த கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு பொருள்களின் கூட்டு. வடிவத்தைத் தருவது கண்ணாடி. ஒளியைத் திருப்பி அனுப்புவது அதன்மேல் ஏறிய உலோகம். வடிவத்துக்கு நாள்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும். பளபளப்பு ஒரு மணி நேரத்தில் ஏறும், சில காலம் இருக்கும், மங்கும், மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்பதை மனிதர்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதன் பலன் அலமாரிக் கதவோடு நிற்கவில்லை. வானியல் ஆய்வின் போக்கையே அது மாற்றியது.

ரசம் என்ற சொல்லுக்குள் இருக்கும் நஞ்சு

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பூச்சை நாம் ரசம் என்கிறோம். அது பாதரசம். இன்றைய கண்ணாடியில் பாதரசம் துளியும் கிடையாது. தொழில் மாறியும் சொல் மாறவில்லை.

16ஆம் நூற்றாண்டில் வெனிஸ் அருகே உள்ள முரானோ தீவின் கைவினைஞர்கள் பெயர் பெற்றது இந்த முறையால்தான். சமதளமான கல்மேசையில் மெல்லிய வெள்ளீயத் தகட்டை விரிப்பார்கள். அதன்மேல் பாதரசத்தை ஊற்றுவார்கள். இரண்டும் கலந்து கூழாகும்போது, நன்றாகத் துடைத்த கண்ணாடியை ஓரத்திலிருந்து காற்று புகாமல் வழுக்கிக்கொண்டு போய் அதன்மேல் படுக்க வைப்பார்கள். மேலே எடைக் கற்களை ஏற்றி, மேசையை மெல்ல மெல்லச் சாய்த்து, மிஞ்சிய பாதரசம் சொட்டிச் சொட்டி வடிய வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். 1684இல் முடிந்த வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகளும் இப்படிப் பிறந்தவை.

அந்த வாரங்கள் முழுவதும் பாதரச ஆவி பட்டறைக்குள் நிறைந்திருக்கும். ஜெர்மனியின் ஃபியூர்ட் நகரம் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கும் அருகிலுள்ள எர்லாங்கனிலும் வேலை செய்தவர்களின் வாயும் ஈறும் புண்ணாவதையும், கைகள் நடுங்குவதையும், மனநிலை குலைவதையும் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1861இல் நூலாக வெளியிட்டார். பாதரச நஞ்சைப் பற்றிய மருத்துவ அறிவுக்கு அடித்தளமான நூல்களில் அது ஒன்று. அழகான ஒரு பொருளுக்காக இத்தனை பேர் தங்கள் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை, ரசம் என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மாற்று வழி வேதியியல் கூடத்திலிருந்து வந்தது. 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக், ஆல்டிஹைடு என்ற சேர்மத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மோனியா கலந்த வெள்ளி உப்புக் கரைசலோடு அதைச் சேர்த்துச் சூடாக்கியபோது, பாத்திரத்தின் உட்சுவரில் வெள்ளி ஆடிபோலப் படிந்தது. நம் மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் செய்முறை வகுப்பில் டாலன்ஸ் வினைப்பொருளைச் சோதனைக்குழாயில் விட்டு வெந்நீரில் வைக்கும்போது, குழாயின் உள்ளே பளபளவென்று ஒரு பூச்சு ஏறுமே, அதுதான் இது. தேர்வுக்கான ஒரு சோதனையாக அதைச் செய்து மறந்துவிடுகிறோம். உண்மையில் அந்தச் சோதனைக்குழாய்க்குள் ஒரு தொழில் முழுதும் அடங்கியிருக்கிறது.

1843இல் இங்கிலாந்தில் தாமஸ் டிரேட்டன் வெள்ளிப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். 1850களில் லீபிக்கே திரும்பவும் இதில் இறங்கி, பால் சர்க்கரையைக் கொண்டு சூடாக்காமலேயே வெள்ளியைப் படியவைக்கும் முறையை உருவாக்கினார். பாதரசம் உடனே ஒழிந்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் இரண்டு முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன.

தட்டில் நடப்பது

வெள்ளி ஏறுவதைக் கிட்டத்திலிருந்து பார்ப்பது ஓர் அனுபவம். தொலைநோக்கிக்கான சிறிய குழியாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை துடைப்பது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தால் போதாது. நைட்ரிக் அமிலம் நனைத்த பஞ்சால் தேய்த்து, கழுவி, காரத்தால் தேய்த்து, மறுபடி கழுவி, கடைசியில் வாலை வடிநீரில் அலச வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பு, வெள்ளியோடு சேர்ந்து பால்போலத் திரிந்துவிடும். சுத்தமாகிவிட்டதா என்பதைத் தண்ணீரே சொல்லும். கண்ணாடியைச் சாய்க்கும்போது நீர் ஒரே படலமாக விரிந்து நின்றால் சரி. எங்காவது விலகித் துளித்துளியாகக் கூடினால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அங்கே வெள்ளி பிடிக்காது. விரல் ஒருமுறை பட்டிருந்தால் பூச்சு ஏறிய பிறகு ரேகையோடு தெரியும். சுத்தம் செய்த கண்ணாடியைக் காயவும் விடக்கூடாது. வெள்ளிக் கரைசல் வரும்வரை நீருக்கடியிலேயே கிடக்க வேண்டும்.

பிறகு கரைசல். சில்வர் நைட்ரேட் கரைந்த நீர் தெளிந்திருக்கும். அதில் அம்மோனியாவைச் சொட்டுச்சொட்டாக விட்டால் முதலில் டீத்தூள் நீரைப்போலப் பழுப்பாகும். மேலும் விட்டால் மெல்லத் தெளியும். முழுதும் தெளிவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தைச் சேர்த்ததும் மறுபடி கறுக்கும், மறுபடி அம்மோனியா, மறுபடி ஏறக்குறையத் தெளிவு. இந்த ‘ஏறக்குறைய’ என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. அம்மோனியா மிகுந்துவிட்டால் வெள்ளி கரைசலை விட்டு இறங்க மறுக்கும்.

கடைசியில் சர்க்கரைக் கரைசலை ஊற்றித் தட்டை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில நொடிகளில் நீர் பழுப்பாகி, மை போலக் கறுத்துவிடும். கெட்டுப்போய்விட்டது என்றுதான் புதியவருக்குத் தோன்றும். அந்தக் கறுப்புக்கு அடியில் கண்ணாடி மெல்ல வெளுத்துக்கொண்டிருக்கும். கரைசல் சேறுபோலச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும் தருணத்தில் ஊற்றிவிட்டு, நீரால் அலச வேண்டும். தாமதித்தால் அந்தச் சேறே பூச்சின்மேல் படிந்து மங்கலாக்கிவிடும். எல்லாம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. சூடான கரைசலில் ஏறும் வெள்ளி கெட்டியாக ஒட்டாது. நம் ஊர் வெயிலில் பனிக்கட்டி வைத்துத்தான் இதைச் செய்ய முடியும்.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலைப் புட்டியில் எடுத்துவைக்கவே கூடாது. நேரம் போகப்போக அதில் ஒரு கறுப்புப் படிவு உருவாகும். அசைத்தாலே வெடிக்கக்கூடியது அது. வேலை முடிந்ததும் அமிலம் விட்டுச் செயலிழக்கச் செய்து அப்புறப்படுத்திவிட வேண்டும். கையுறையும் கண்காப்பும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்துப்போய் நாள்கணக்கில் அழியாது. தேர்தலில் நம் விரலில் வைக்கும் அழியா மையில் இருப்பதும் இதே உப்புதான்.

இப்படி ஏறும் வெள்ளி எவ்வளவு? வீட்டுக் கண்ணாடியில் அதன் கனம் ஏறக்குறைய 80 நானோமீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு பவுன் எடை, அதாவது 8 கிராம் வெள்ளி இருந்தால் ஏறக்குறைய 100 சதுர அடிக் கண்ணாடிக்குப் பூசிவிடலாம்.

உலோக ஆடியிலிருந்து கண்ணாடிக்கு

கண்ணாடியே இல்லாமல் ஆடி செய்வது பழைய வழக்கம். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, தேய்த்து மெருகேற்றிய உலோகமே ஆடி. கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி அந்த மரபில் இன்றும் உயிரோடு இருப்பது. அதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர்கள் திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோவிலிலிருந்து கோயில் வேலைக்காக அழைத்துச் செல்லப்பட்டவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

வில்லைக்குப் பதில் ஆடியால் ஒளியைக் குவிப்பது எதிரொளிப்புத் தொலைநோக்கி. நியூட்டன் 1668இல் செய்த முதல் எதிரொளிப்புத் தொலைநோக்கியில் இருந்ததும் இதே வகைக் கலவைதான். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலும் இதையே பயன்படுத்தினார். 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு நிறுத்திய 72 அங்குல ஆடியும் இதுவே. புதிதாக மெருகேற்றியபோதே அது தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அதைவிடப் பெரிய குறை, அது கறுக்கும்போதுதான் தெரியும். தொலைநோக்கி ஆடியின் வளைவு ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். கறுத்த உலோகத்தை மறுபடி மெருகேற்றினால் அந்த வளைவே மாறிவிடும். பளபளப்பைத் திரும்பப் பெற, மாதக்கணக்கில் உழைத்துப் பெற்ற வடிவத்தைப் பணயம் வைக்க வேண்டும். ராஸ் பிரபுவிடம் இரண்டு ஆடிகள் இருந்தன. ஒன்று தொலைநோக்கியில் இருக்கும்போது மற்றது மெருகுக்குப் போகும்.

மெல்போர்னில் 1869இல் நிறுவிய 48 அங்குலத் தொலைநோக்கியின் கதை என்னை மிகவும் வருத்துவது. டப்ளினில் செய்து கப்பலில் அனுப்பிய உலோக ஆடிகள் அவை. மெருகேற்றிக்கொடுத்த கைகள் உலகின் மறுகோடியில் இருந்தன. ஆடி மங்கத் தொடங்கியபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஆய்வகத்தின் தலைவரே மெருகேற்றும் கலையைக் கற்றுக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. எதிரொளிப்புத் தொலைநோக்கிகள்மேல் வானியலாளர்களுக்கு இருந்த நம்பிக்கையே இதனால் நீண்ட காலம் ஆட்டம் கண்டது. இத்தனைக்கும் அது நிறுவப்படுவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே தீர்வு கிடைத்திருந்தது.

1856இல் மியூனிக்கில் கார்ல் ஆகஸ்ட் ஃபான் ஸ்டைன்ஹைலும், அதற்கு அடுத்த ஆண்டு பாரிஸில் லெயோன் ஃபூக்கோவும், ஒருவரை ஒருவர் சாராமல், கண்ணாடியில் வளைவைத் தேய்த்து அதன்மேல் வெள்ளியைப் படியவைத்துத் தொலைநோக்கி ஆடி செய்தார்கள். கண்ணாடி உலோகத்தைவிட எடை குறைந்தது, வார்ப்பதற்கும் தேய்ப்பதற்கும் எளிது. வெள்ளி ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் திருப்பி அனுப்பும். படலம் எங்கும் ஒரே கனத்தில் ஏறுவதால் வளைவு கெடாது. கறுத்தால் நைட்ரிக் அமிலத்தால் கரைத்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம். அடியில் இருக்கும் கண்ணாடி அமிலத்துக்கு அசையாது. வடிவம் ஒருமுறை, பளபளப்பு எத்தனை முறை வேண்டுமானாலும். ஃபூக்கோ 1862இல் முடித்த 80 செ.மீ. ஆடி பின்னர் மார்செய் நகருக்குப் போனது. 1877இல் எடுவார் ஸ்டெஃபான் தன் பெயர் தாங்கிய ஐந்து விண்மீன் மண்டலக் கூட்டத்தைக் கண்டது அதன் வழியாகத்தான்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எஃகு ஆலையில் வேலை பார்த்த ஜான் பிரஷியர் என்பவரையும் சொல்லாமல் இருக்க முடியாது. பகலில் ஆலை, இரவில் மனைவியோடு சேர்ந்து ஆடி தேய்ப்பது. அப்படி நெடுநாள் உழைத்து முடித்த 12 அங்குல ஆடி, வெள்ளி பூசும்போது சூடு தாங்காமல் வெடித்துவிட்டது. அந்த வலியிலிருந்துதான் அவர் சூடாக்காமல் பூசும் தன் முறையைத் தேடிக் கண்டார். அதற்குக் காப்புரிமை கோராமல் எல்லோருக்கும் வெளியிட்டார். மேலே நான் சொன்ன தட்டு முறை பெரும்பாலும் அவர் வழியில் வந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் பெரிய ஆய்வகங்களே அதைப் பின்பற்றின.

அமெரிக்காவில் வில்சன் மலை ஆய்வகத்தின் 100 அங்குல ஆடிக்கு 1917இல் வெள்ளிதான் பூசினார்கள். வெள்ளியின் குறை நமக்கெல்லாம் தெரிந்தது: வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதுபோல, காற்றிலுள்ள கந்தகச் சேர்மத்தால் அதுவும் கறுக்கும். கண்ணாடியின் முன்பக்கம் திறந்து கிடக்கும் வெள்ளி மாதக்கணக்கில்தான் தாங்கும். 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஸ்ட்ராங், வெற்றிடக் கலனில் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைத்தார். 1935இல் 100 அங்குல ஆடிக்கும் அலுமினியம் ஏறியது. திருப்பி அனுப்பும் ஒளி வெள்ளியைவிடக் கொஞ்சம் குறைவு, நூற்றுக்கு 90 அளவு. ஆனால் அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்ஸைடு தோலைப் போர்த்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிற்கும். வெள்ளி ஊடுருவ விட்டுவிடும் புறஊதா ஒளியையும் திருப்பி அனுப்பும். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986இல் தொடங்கிய வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்கும் அலுமினியப் பூச்சுதான். மங்கும்போது அங்கேயே வெற்றிடக் கலனில் வைத்துப் புதிதாக ஏற்றுகிறார்கள்.

வெள்ளி முற்றிலும் போய்விடவில்லை. சிலியிலும் ஹவாயிலும் உள்ள ஜெமினி தொலைநோக்கிகளின் 8.1 மீட்டர் ஆடிகளுக்கு 2004 முதல் காப்புப் படலங்களோடு வெள்ளி பூசுகிறார்கள். அகச்சிவப்பு ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. அத்தனை பெரிய ஆடிக்குத் தேவைப்படும் வெள்ளி ஏறக்குறைய 50 கிராம்.

பின்பக்கமா, முன்பக்கமா

கண்ணாடியைப் பூசக் கொடுக்கும் முன் தீர்மானிக்க வேண்டிய முதல் கேள்வி இது. வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வையுங்கள். விரலுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். வெள்ளி பின்பக்கம் இருப்பதால் கண்ணாடியின் கனம் அங்கே நிற்கிறது. தொலைநோக்கி ஆடியில் நுனியும் பிம்பமும் ஒட்டிக்கொள்ளும் (தொட்டுப் பார்க்காமல் நம்பிக்கொள்வது நல்லது). பின்பக்கப் பூச்சில் கண்ணாடியின் முன் முகமும் மங்கலாக இன்னொரு பிம்பத்தைத் தரும். முகம் பார்க்க அது தொந்தரவில்லை. நட்சத்திரம் பார்க்க உதவாது.

பின்பக்கப் பூச்சே நன்மையாகும் இடங்களும் உண்டு. 1870களில் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் அல்ஃபோன்ஸ் மாங்கேன் தேடுவிளக்குகளுக்காக ஓர் ஆடியை வடிவமைத்தார். முன் முகம் ஒரு வளைவு, பின் முகம் வேறொரு வளைவு, வெள்ளி பின்னால். ஒளி கண்ணாடிக்குள் புகுந்து திரும்பும்போது ஏற்படும் விலகல், வட்ட வளைவு ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காத குறையைச் சரிசெய்துவிடும். விளக்கின் சூட்டுக்கும் புகைக்கும் வெள்ளி பத்திரமாகவும் இருக்கும்.

வீட்டுக் கண்ணாடிக்கு இன்று பூசுபவர்கள் தட்டில் ஊற்றுவதற்குப் பதில் தெளிக்கிறார்கள். முதலில் வெள்ளீய குளோரைடு கரைசலால் கழுவுவார்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளீயம்தான் வெள்ளிக்கு முதல் பிடிமானம். பிறகு வெள்ளிக் கரைசலும் சர்க்கரை வகைக் கரைசலும் இரு முனைகளிலிருந்து பாய்ந்து கண்ணாடியின்மேல் சந்திக்கும். ஒரு நிமிடத்தில் ஆடி. அதன் முதுகில் செம்பு ஒரு படலம், அதன்மேல் பெயிண்ட். ஈரமும் கந்தகமும் வெள்ளியை அடையாமல் காப்பவை இவை. கறுப்பு எப்போதும் விளிம்பிலிருந்தே தொடங்குவதற்குக் காரணமும் இதுதான்: வெட்டிய ஓரத்தில் வெள்ளி திறந்து கிடக்கிறது. கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் தெளித்தால் அது வழிந்து கீழ் ஓரத்தில் தேங்கி உள்ளே ஏறும். துணியில் நனைத்துத் துடைத்தாலே பல ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும்.

மறுபடி பூசக் கொடுப்பவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு மூன்று செய்திகள். கண்ணாடியில் உள்ள கீறல்களை முதலில் பாருங்கள். முன்பக்கக் கீறல் பூச்சு ஏறிய பிறகு தன் பிம்பத்தோடு சேர்ந்து இரண்டாகத் தெரியும். பின்பக்கக் கீறலோ கோடு போட்டதுபோல மின்னும். பூசுபவரிடம் இதைப் பேசிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. நான் ஒருமுறை பேசாமல் கொடுத்துவிட்டு, திரும்பி வந்தபோது தெரிந்த கோடுகள் அவருடைய கைத்தவறு என்று எண்ணி வீணாகச் சண்டை பிடித்தேன். அவை எங்கள் வீட்டில் விழுந்தவை.

மிகப் பழைய கண்ணாடியின் முதுகில் பெயிண்டே இல்லாமல், சாம்பல் நிறத்தில் பொடிப்படிகமாக மின்னினால் அது பாதரசப் பூச்சாக இருக்கலாம். அதைச் சுரண்டவோ சூடாக்கவோ கூடாது. புதிதாகப் பூசவும் வேண்டாம் என்பேன். அந்த மங்கலோடு அப்படியே வைத்திருக்க வேண்டிய பொருள் அது. மற்ற எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பூசலாம்.

வெள்ளி ஏறியதும் பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பின்னால் பளிச்சென்ற விளக்கு ஒன்றை வைத்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அவ்வளவு மெல்லிய வெள்ளி ஒளியை முழுதும் தடுப்பதில்லை. நீலத்தை மட்டும் கொஞ்சம் கசியவிடும். ஃபூக்கோ இதைக் கவனித்து, சூரியனைப் பார்ப்பதற்கான தொலைநோக்கி வில்லையின்மேலேயே வெள்ளி பூசலாம் என்று சொன்னவர். விளக்கு ஆழ்ந்த நீலமாக, எங்கும் ஒரே சீராகத் தெரிந்தால் பூச்சு நன்றாக ஏறியிருக்கிறது. வெள்ளைப் புள்ளிகள் ஊசித் துளைகள். ஓரிடம் மட்டும் வெளிறியிருந்தால் அங்கே துடைத்தது போதவில்லை. கரைத்துவிட்டு இன்னொரு முறை ஏற்றச் சொல்லுங்கள், கண்ணாடிக்கு அதனால் ஒரு குறையும் வராது.